பஸ் காசும் பட்டணத்து மன்றமும்: பணப்பை யார் கையில்?



சம்பளம் என்று வந்துவிட்டால் நம் ஆட்கள் கணக்கில் கெட்டிக்காரர்கள். எத்தனை நாள் வேலை, பால் எத்தனை கிலோ, குலை எத்தனை, சேமநிதிக்கு எவ்வளவு, சொக்சோவுக்கு எவ்வளவு என்று சம்பளச் சீட்டைக் கையில் வாங்கிய நிமிஷமே சொல்லிவிடுவார்கள். கிராணி ஒரு வெள்ளி குறைத்துப் போட்டால் அன்றைக்கே ஆபீஸ் வாசலில் கூட்டம் கூடிவிடும். அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

ஆனால் அந்தச் சீட்டில் எழுதாத பிடித்தம் ஒன்று உண்டு. அதுதான் போக்குவரத்துச் செலவு. பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குப் போக வேன் காசு. பாட்டி ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கி வர டாக்சிக் காசு. தோட்டத்து வேலை போய் ஃபேக்டரிக்குப் போகிற பையனுக்கு மோட்டார் சைக்கிள் தவணை, அதற்குப் பெட்ரோல். நாலு காசு சம்பள உயர்வுக்கு நாம் மாதக் கணக்கில் மேசையில் உட்கார்ந்து வாதாடுகிறோம். முச்சந்திக்கு வரும் பஸ் நின்றுபோனால், அந்த உயர்வு ஒரே வாரத்தில் கரைந்துவிடுகிறது. முதலாளி ஒரு கையெழுத்தும் போடாமலே நம் சம்பளம் குறைந்துவிடுகிறது.

அப்படியானால் பஸ் ஓடுவதையும் ஓடாததையும், கட்டணம் ஏறுவதையும் இறங்குவதையும் தீர்மானிக்கிறவர் யார்? அதற்கான பணம் யாருடையது? பெட்டிச் சாவி யார் இடுப்பில் தொங்குகிறது? இந்த வாரம் நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் இது. விளக்குவதற்கு லண்டன் மாநகரத்தில் நடந்த ஒரு பெரிய வழக்கைச் சொல்லப் போகிறோம்.

"லண்டன் கதை நமக்கு எதுக்குங்க?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அங்கே ஒரு நகர மன்றம், தன் ஊர்ப் பணத்தைக் கொண்டே ஏழை பாழைகளின் பஸ் காசைக் குறைக்கப் பார்த்தது. ஜெயித்தது, தோற்றது, மறுபடி ஜெயித்தது. கடைசியில் அந்த மன்றமே இல்லாமல் போனது. போக்குவரத்துப் பணத்தை ஊர் மக்களே ஆளலாமா என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது கஷ்டம்.

லண்டனில் நடந்தது

லண்டனில் அப்போது இரண்டு அடுக்கு ஊராட்சி இருந்தது. மேலே லண்டன் பெருநகர மன்றம். கீழே 32 பரோ மன்றங்களும், 'சிட்டி' என்று சொல்லப்படும் பழைய நகரமும். 1969-ஆம் ஆண்டில் வந்த ஒரு சட்டத்தின்படி, லண்டனின் பஸ்களும் பாதாள ரயிலும் 1970-இல் பெருநகர மன்றத்தின் பொறுப்புக்கு வந்தன. வரவு மூன்று வழி. பயணிகள் கொடுக்கும் கட்டணம் ஒன்று. வீட்டுக்காரர்களும் கடைக்காரர்களும் கட்டும் வரி ஒன்று. நம் ஊர்க் கதவு வரி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசு கொடுக்கும் மானியம் மற்றொன்று.

1970-களில் லண்டனில் கட்டணம் ஏறிக்கொண்டே போனது. கட்டணம் ஏற ஏற ஜனங்கள் பஸ்ஸை விட்டார்கள். ஜனங்கள் குறையக் குறைய வசூல் குறைந்தது. வசூல் குறைந்தது என்று மறுபடி கட்டணத்தை ஏற்றினார்கள். பசு பால் குறைந்துவிட்டது என்று தீவனத்தைக் குறைத்த கதைதான்.

1981 மே மாதம் பெருநகர மன்றத் தேர்தல் வந்தது. கட்டணத்தைக் கால் பங்கு குறைப்போம் என்று தொழிற்கட்சி எழுத்தில் வாக்குக் கொடுத்து வெற்றி பெற்றது. வெற்றி பெற்ற மறுநாளே அந்தக் கட்சி உறுப்பினர்கள் கென் லிவிங்ஸ்டனைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்தல் வாக்குறுதி காற்றோடு போகவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் கட்டணம் சராசரியாக 100-க்கு 32 பங்கு குறைந்தது. பஸ்ஸிலும் ரயிலிலும் கூட்டம் கூடியது.

குறைத்த காசுக்கு ஈடு எங்கிருந்து வரும்? மன்றம் கூடுதல் வரி போட்டது. சொத்தின் மதிப்பில் ஒரு பவுனுக்கு 6.1 பென்ஸ். இதில் ஒரு சிக்கல் உண்டு. அப்போது பிரதமராக இருந்தவர் மார்கரெட் தாட்சர். மன்றங்கள் அதிகம் செலவு செய்தால் மத்திய மானியம் வெட்டப்படும் என்பது அவருடைய அரசாங்கத்தின் விதி. ஆக, கட்டணத்தைக் குறைத்ததால் விழுந்த துண்டோடு, வெட்டிய மானியமும் சேர்ந்து வரி கட்டுகிறவர் தலையில் ஏறியது.

பிராம்லி வழக்கு

பிராம்லி என்பது லண்டனின் தென்கிழக்கு ஓரத்தில் இருக்கும் ஒரு பரோ. அங்கே பாதாள ரயில் நிலையம் ஒன்றுகூட இல்லை. "எங்க ஊருக்கு வராத ரயிலுக்கு நாங்க ஏன் காசு கட்டணும்?" என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வியின் சாரம். பிராம்லி மன்றம் வழக்குப் போட்டது.

முதல் கோர்ட்டில் பெருநகர மன்றத்துக்கு வெற்றி. 1981 நவம்பரில் அப்பீல் கோர்ட்டில் டென்னிங் பிரபுவும் மற்ற இரு நீதிபதிகளும் அதைத் தலைகீழாக மாற்றினார்கள். டிசம்பர் 17-ஆம் தேதி பிரபுக்கள் சபை நீதிபதிகள் ஐந்து பேரும் ஒருமுகமாக, அந்தக் கூடுதல் வரி சட்டப்படி செல்லாது என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

அவர்கள் சொன்ன காரணங்களைக் கவனியுங்கள். 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தில், லண்டனுக்கு ஒருங்கிணைந்த, திறமையான, 'சிக்கனமான' போக்குவரத்தை ஏற்படுத்த வேண்டும் என்று எழுதியிருந்தது. அந்தக் கடைசி ஒரு சொல்லின் மேல்தான் வழக்கே நின்றது. மக்களுக்குச் சிக்கனமா, கணக்குப் புத்தகத்துக்குச் சிக்கனமா? வியாபார முறையில் நடத்த வேண்டும் என்பதே அதன் பொருள் என்று நீதிபதிகள் கொண்டார்கள். இரண்டாவது, வரி கட்டுகிறவர்களின் பணத்துக்கு மன்றம் தர்மகர்த்தா மாதிரி. ஒரு சாராருக்கு நன்மை செய்ய இன்னொரு சாராரின் பையை இஷ்டம்போல் திறக்க முடியாது. அந்த வரியில் பெரும்பகுதியைக் கட்டிய வர்த்தக நிறுவனங்களுக்கு மன்றத் தேர்தலில் ஓட்டு இல்லை என்பதும் எடுத்துக் காட்டப்பட்டது. மூன்றாவது, தேர்தலில் வாக்குக் கொடுத்துவிட்டோம் என்பது மட்டும் காரணம் ஆகாது. பதவிக்கு வந்தபின் இரு பக்கத்தையும் எடைபோட்டுப் பார்த்துத்தான் முடிவு எடுக்க வேண்டும்.

நாம் தொழிற்சங்கக்காரர்கள். நம் மனம் இயல்பாகவே பஸ்ஸில் போகிறவன் பக்கம் சாயும். இருந்தாலும் பிராம்லிக்காரன் கேள்வியை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. பயன் ஒருவனுக்கு, பாரம் இன்னொருவனுக்கு என்றால், எவ்வளவு பாரம், எதற்காக என்று கேட்க அவனுக்கு உரிமை உண்டு. அதே சமயம் பிராம்லியில் குடியிருந்தவர்களில் எத்தனையோ பேருக்கு வேலை லண்டன் நடுவில்தான். அங்கே சாலை நெரிசல் குறைந்தால் அவர்களுக்கும் நன்மைதான். இந்த இரண்டையும் ஒரே தராசில் வைக்க வேண்டியிருந்தது. எடைபோடும் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்பதுதான் மன்றத்தின் மேல் விழுந்த குற்றம்.

தீர்ப்பின் பலன் என்ன? 1982 மார்ச் 21-ஆம் தேதி கட்டணம் ஏறக்குறைய இரண்டு மடங்காக ஏறியது. ஜனங்கள் மறுபடி பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். அதே மார்ச் மாதத்தில் லண்டன் பஸ், பாதாள ரயில் தொழிலாளர்கள் கட்டண உயர்வையும் சேவைக் குறைப்பையும் எதிர்த்து ஒரு நாள் வேலையை நிறுத்தினார்கள். பஸ் ஓட்டுகிறவன், பஸ்ஸில் ஏறுகிறவனுடைய காசுக்காகவும் ஸ்டியரிங்கை விட்டு இறங்கினான். ஜனங்கள் ஏறாத பஸ்ஸில் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் வேலை நிலைக்காது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தொழிற்சங்கம் என்பது சம்பளத்துக்கு மட்டும்தான் என்று சொல்கிறவர்கள் இதை யோசித்துப் பார்க்கட்டும்.

தோற்ற பிறகும் விடவில்லை

பெருநகர மன்றம் அழுதுகொண்டு உட்காரவில்லை. அதிகாரிகளையும் வழக்கறிஞர்களையும் உட்கார வைத்துப் புதிய திட்டம் ஒன்று தயாரித்தது. கட்டணம் எவ்வளவு குறைந்தால் எத்தனை பயணிகள் கூடுவார்கள், வரி கட்டுகிறவருக்கு எவ்வளவு பாரம், நெரிசல் எவ்வளவு குறையும் என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு எழுதியது. இந்தத் தடவை மன்றமே கோர்ட்டுக்குப் போய், "இது சட்டத்துக்கு உட்பட்டதுதானா, சொல்லுங்கள்" என்று கேட்டது. உட்பட்டதுதான் என்று 1983-இல் கோர்ட் ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டு மே மாதத்தில் கட்டணம் 100-க்கு 25 பங்கு குறைந்தது. ஒரே சீட்டில் பஸ்ஸிலும் பாதாள ரயிலிலும் போகும் பயண அட்டையும் அப்போதுதான் வந்தது. அந்த அட்டை முறை லண்டனில் வேரூன்றிப் பல ஆண்டு நீடித்தது.

முதல் தடவை இருந்த அதே மன்றம், அதே தலைவர், அதே சட்டம். வேறுபட்டது தயாரிப்பு. நியாயம் நம் பக்கம் இருந்தால் போதாது, கணக்கும் நம் பக்கம் இருக்க வேண்டும்.

பிறகு நடந்ததுதான் வேதனை. கோர்ட்டில் தடுக்க முடியாததை நாடாளுமன்றத்தில் தடுத்தார்கள். 1984 ஜூன் 29-ஆம் தேதி பஸ்ஸும் பாதாள ரயிலும் மன்றத்தின் கையிலிருந்து பிடுங்கப்பட்டு, மத்திய அரசின் கீழ் போயின. 1986 மார்ச் 31-ஆம் தேதியோடு பெருநகர மன்றமே கலைக்கப்பட்டது. லண்டன் முழுமைக்கும் சேர்த்து ஓட்டுப் போட ஒரு மன்றம் இல்லாமல் 14 வருஷம் போனது. 2000-ஆம் ஆண்டில் மேயர் தேர்தல் வந்தபோது, லண்டன் மக்கள் அதே கென் லிவிங்ஸ்டனைத் தேர்ந்தெடுத்தார்கள். 2003 பிப்ரவரியில் அவர் நகர மையத்துக்குள் வரும் காருக்கு நாளைக்கு 5 பவுன் நெரிசல் கட்டணம் போட்டார். அந்த வருமானம் போக்குவரத்துக்கே செலவாக வேண்டும் என்பது ஏற்பாடு. ஊரில் வசூலாகும் பணம் ஊர்ப் பஸ்ஸுக்கே திரும்பியது.

அத்தோடு கதை முடிந்துவிடவில்லை. 2020-இல் கோவிட் வந்தது. ரயில் காலி, பஸ் காலி, வசூல் படுத்துவிட்டது. மேயர் மத்திய அரசிடம் கை நீட்ட வேண்டி வந்தது. பணம் வந்தது, கூடவே நிபந்தனைகளும் வந்தன. கொடுக்கிற கை மேலே, வாங்குகிற கை கீழே. ஆளும் உரிமை சட்டத்தில் இருந்தாலும், நிலையான வருமானம் இல்லையென்றால் அந்த உரிமை ஆபத்துக் காலத்தில் ஆடிப்போகும்.

லண்டனுக்கு வெளியே வேறு மாதிரி நடந்தது. 1986 அக்டோபரில் லண்டன் நீங்கலாக பிரிட்டனின் மற்ற ஊர்களில், பஸ் வழிகளைத் தனியார் தங்கள் இஷ்டத்துக்கு ஓட்டலாம் என்று திறந்துவிட்டார்கள். லாபம் வரும் வழியில் போட்டி. லாபம் வராத வழிக்கு மன்றம் காசு கொடுத்தால்தான் பஸ். மான்செஸ்டர் வட்டாரம் பஸ்களைத் தன் கட்டுப்பாட்டுக்குத் திரும்பக் கொண்டுவர ஏறக்குறைய 40 வருஷம் ஆனது. 2023 செப்டம்பரில் தொடங்கி 2025 ஜனவரியில் அந்த வேலை முடிந்தது. இப்போது வழியையும் நேரத்தையும் கட்டணத்தையும் வட்டார அமைப்பு தீர்மானிக்கிறது; கம்பெனிகள் ஒப்பந்தத்துக்கு ஓட்டுகின்றன. விட்ட உரிமையை மீட்க எவ்வளவு காலம் ஆகிறது, பாருங்கள்.

நம் ஊரில் இருந்த மன்றம்

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர் வேடிக்கை என்று நினைத்துவிடக் கூடாது. நம் பினாங்கிலேயே ஊர் மன்றம் பஸ் ஓட்டியது.

ஜார்ஜ் டவுனில் நகராட்சியின் டிராம் வண்டிகள் ஓடின. 1925-இல் மின்சாரக் கம்பியைத் தொட்டுக்கொண்டு ஓடும் டிராலி பஸ் வந்தது. அது 1961 வரை ஓடியது. 1950-களில் லண்டனில் ஓடிய பழைய இரட்டை மாடி டிராலி பஸ்கள் சிலவும் இங்கே வந்து ஓடின. 1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுன் மக்கள் தங்கள் மன்றத்துக்கு ஓட்டுப் போட்டார்கள். 1957 ஜனவரி முதல் தேதி ஜார்ஜ் டவுன் மாநகரம் ஆனது. அதன் முதல் மேயர் யார் தெரியுமா? டி. எஸ். ராமநாதன். நம்மவர். தொழிற்கட்சிக்காரர், ஆசிரியராக இருந்தவர். பினாங்கில் இன்றும் அவர் பெயரில் சாலை இருக்கிறது. மின்சாரம், தண்ணீர், பஸ் எல்லாவற்றையும் மன்றமே நடத்திய காலம் அது. பஸ் பிரச்சினை என்றால் மன்ற உறுப்பினர் வீட்டுக் கதவைத் தட்டலாம். அடுத்த தேர்தலில் அவர் நம் கதவைத் தட்ட வருவாரே!

1965 மார்ச்சில், இந்தோனேசியாவுடனான எதிர்மோதல் காலத்தில், ஊராட்சி மன்றத் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அதே ஆண்டு ஊராட்சி முறையை ஆராய ஓர் அரச ஆணையம் அமைந்தது. அதற்குத் தலைமை தாங்கியவரும் தமிழர்தான்: செனட்டர் ஆதி நாகப்பன். 1968-இல் முடிந்த அந்த ஆணையத்தின் அறிக்கை, மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றங்களே வேண்டும் என்று பரிந்துரைத்தது. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் தேர்தலுக்குக் கதவைச் சாத்தியது. அன்றிலிருந்து மன்ற உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. மறுபடி தேர்தல் நடத்த பினாங்கு மாநில அரசு 2012-இல் ஒரு சட்டம் செய்து பார்த்தது. 2014-இல் அந்த முயற்சி கூட்டரசு நீதிமன்றத்தில் தோற்றது.

மன்றத்தின் பஸ் சேவையும் நலிந்து பிறகு நின்றுபோனது. 2007-இல் ரேப்பிட் பினாங்கு பஸ்கள் வந்தன. நல்ல சேவைதான், ஆனால் நடத்துவது மத்திய நிதி அமைச்சுக்குச் சொந்தமான நிறுவனம். ஒரு காலத்தில் ஊர் மன்றம் தீர்மானித்ததை இன்று கோலாலம்பூர் தீர்மானிக்கிறது.

மூன்று பணப்பை, நடுவில் நாம்

நம் நாட்டு அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணை, போக்குவரத்தை மத்திய அரசின் பட்டியலில் வைத்திருக்கிறது. ஊராட்சியை மாநிலத்தின் பட்டியலில் வைத்திருக்கிறது. சாலைப் பராமரிப்புக்கு, சட்டத்தின் 109-ஆம் பிரிவின்படி, மாநிலச் சாலைகளின் நீளத்தைக் கணக்கிட்டு மத்திய அரசு மாநிலங்களுக்கு மானியம் கொடுக்கிறது. பஸ் உரிமம் மத்திய இலாகாவில். பஸ் நிற்கும் கொட்டகையும் தெரு விளக்கும் மன்றத்தில். தோட்டத்துச் சாலையோ தனியார் நிலம்.

சில காலத்துக்கு முன் வடக்கே ஒரு தோட்டத்தில் நம் கிளைக் கூட்டம் நடந்தது. முச்சந்திக்கு வந்துகொண்டிருந்த பஸ் நின்றுபோய் ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. ஓர் அக்கா எழுந்து சொன்னார்: "தலைவரே, கவுன்சிலுக்குப் போனா பஸ்ஸு எங்க வேலை இல்லைங்கிறான். பஸ் கம்பெனிக்குப் போனா ஆளு இல்ல, நஷ்டம்ங்கிறான். லைசென்ஸ் ஆபீசுல போய்க் கேட்டா எழுதிக் குடுங்கன்னான், குடுத்தோம், பதிலு இல்ல. உள்ள வரட்டும்னு கேட்டா ரோடு எஸ்டேட்டுதுங்கிறான். மானேஜர் கிட்ட போனா, பஸ்ஸுக்கும் எனக்கும் என்னம்மான்னு கேக்கறாரு. அப்ப நாங்க யாருகிட்டத்தான் போறது?"

அந்த அக்கா கேட்டதை எந்தப் பேராசிரியரும் இவ்வளவு தெளிவாகக் கேட்டிருக்க முடியாது. நாலு ஆபீஸ், நாலும் சட்டப்படி சரியான பதில். பஸ் மட்டும் இல்லை.

இந்த நிலைமையில் பணம் எந்தப் பக்கம் ஓடுகிறது? கிள்ளான் பள்ளத்தாக்கில் குடியிருக்கும் மலேசியருக்கு மாதம் 50 வெள்ளியில் ரயிலும் பஸ்ஸும் எவ்வளவு வேண்டுமானாலும் போய்வரும் பாஸ் இருக்கிறது. அதற்கு மத்திய அரசு மானியம் கொடுக்கிறது. நாம் பொறாமைப்படவில்லை. அங்கேயும் நம் பிள்ளைகள்தான் வேலைக்குப் போகிறார்கள். ஆனால் அந்த மானியம் பொதுப்பணம். கெடாவிலும் பேராவிலும் இருக்கும் தோட்டக்காரர் சோப்பு வாங்கும்போது கட்டிய விற்பனை வரியும் அதில் இருக்கிறது. பிராம்லிக்காரன் கேட்ட கேள்வியை இங்கே நாம் கேட்கலாம்: "எங்க ஊருக்கு வராத ரயிலுக்கு நாங்களும் காசு கட்டுறோமே, எங்க பஸ்ஸு எங்கே?" பிராம்லிக்காரனுக்குக் கேட்பதற்கு மன்றமும் கோர்ட்டும் இருந்தன. நமக்கு எது இருக்கிறது?

உள்ளூர்க் கையில் கொடுத்தால் சரியாகிவிடுமா?

அப்படியானால் போக்குவரத்துப் பணத்தை அப்படியே உள்ளூர் மன்றங்களிடம் கொடுத்துவிடலாமா? இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும்.

நன்மை கண்ணுக்குத் தெரிகிறது. சிலாங்கூர் மாநில அரசு 2015-இல் இலவச பஸ்களைத் தொடங்கி, உள்ளூர் மன்றங்கள் மூலம் நடத்தியது. ஜார்ஜ் டவுனில் நகரைச் சுற்றும் இலவச பஸ்ஸுக்கு மன்றத்துப் பணம் போயிருக்கிறது. ஆக, மனம் இருந்தால் மார்க்கம் உண்டு என்று நம் நாட்டிலேயே காட்டியிருக்கிறார்கள். பஸ் எந்தச் சந்தில் திரும்ப வேண்டும், பள்ளி விடும் நேரம் எது, தைப்பூசத்துக்கு எத்தனை பஸ் கூட வேண்டும் என்பது புத்ராஜெயாவில் உட்கார்ந்திருப்பவரைவிட உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும்.

ஆனால் சிலாங்கூர் பணக்கார மாநிலம். கடையும் ஃபேக்டரியும் நிறைந்த நகரத்தில் வரி குவிகிறது. ரப்பரும் செம்பனையும் மட்டும் இருக்கிற மாவட்டத்தில் மன்றத்துக்கு வருமானம் கொஞ்சம். உன் ஊர்ப் பணத்தில் உன் பஸ்ஸை ஓட்டிக்கொள் என்று சொல்லிவிட்டால், பட்டணத்தில் பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் ஓடும். தோட்டப் பக்கம் ஒன்றும் ஓடாது. இன்னொன்றும் இருக்கிறது. நியமிக்கப்பட்ட மன்றத்தின் கையில் அதிக பணம் கொடுத்தால் கேள்வி கேட்பது யார்? லண்டனில் கட்டணத்தைக் குறைத்தவர்களை மக்கள் தேர்ந்தெடுத்தார்கள். பிடிக்காவிட்டால் இறக்கவும் முடியும். சாவியைக் கேட்பதற்கு முன்னால், சாவி வைத்திருப்பவரைக் கேள்வி கேட்கும் உரிமையையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஆகவே நம் நிலை இதுதான் என்று நாம் நினைக்கிறோம். பஸ் வழி, நேரம், நிறுத்தம் ஆகியவற்றைத் தீர்மானிக்கும் உரிமை உள்ளூரில் இருக்க வேண்டும். பணத்துக்கு மத்திய அரசு பொறுப்பேற்க வேண்டும்; வருமானம் குறைந்த ஊருக்கு அதிகமாகக் கொடுக்க வேண்டும். அந்தப் பணம் அமைச்சர் மனம் வைத்தால் வரும் தர்மமாக இல்லாமல், சாலை மானியம் மாதிரிக் கணக்குப்படி வர வேண்டும். தலைநகரத்திலும் லண்டனிலும் பெரிய ரயில் கட்டுவதைப் பற்றிப் பேசுகிறார்கள். நமக்கு வேண்டியது காலையில் ஒரு பஸ், மத்தியானம் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ்.

கிளைகள் செய்ய வேண்டியது

தேர்தல் வரட்டும், சட்டம் மாறட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. இன்றைக்கே செய்யக்கூடியவை சில இருக்கின்றன.

முதலாவது, உங்கள் தோட்டம் எந்த மன்றத்தின் எல்லைக்குள் வருகிறது, உங்கள் பகுதிக்குப் பொறுப்பான மன்ற உறுப்பினர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு மன்றத்தில் 8 பேருக்குக் குறையாமலும் 24 பேருக்கு மேற்படாமலும் உறுப்பினர்கள் இருப்பார்கள். நம் ஆள் ஒருவரை நியமிக்கும்படி மாநில அரசிடம் கேட்க நமக்கு உரிமை உண்டு. கேட்காத பிள்ளைக்குப் பால் கிடைக்காது.

இரண்டாவது, அதே சட்டம் மன்றத்தின் முழுக் கூட்டங்களைப் பொதுமக்களும் பத்திரிகைக்காரர்களும் வந்து பார்க்கலாம் என்று சொல்கிறது. மூடிய கூட்டம் வேண்டுமென்றால் மன்றம் தனியாகத் தீர்மானிக்க வேண்டும். நம்மில் எத்தனை பேர் ஒரு தடவையாவது போய் உட்கார்ந்திருக்கிறோம்? கிளைக்கு இரண்டு பேர் போங்கள். வாயைத் திறக்க வேண்டாம். உட்கார்ந்து பார்த்தாலே போதும். பட்ஜெட் எப்படிப் போடுகிறார்கள் என்று புரியும்.

மூன்றாவது, கணக்கு எடுங்கள். இதுதான் 1983-இல் லண்டன் மன்றம் சொல்லிக் கொடுத்த பாடம். காலை 6 மணிக்கு முச்சந்தியில் நிற்கிறவர் எத்தனை பேர்? எந்தப் பள்ளிக்கு எத்தனை பிள்ளைகள்? ஆஸ்பத்திரிக்கு மாதம் எத்தனை பேர் போகிறார்கள்? டாக்சிக்கும் வேனுக்கும் எவ்வளவு கொடுக்கிறார்கள்? ஒரு மாதம் நோட்டில் எழுதுங்கள். இடைநிலைப்பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இந்த வேலையை அழகாகச் செய்வார்கள். "ஆளு இல்ல, நஷ்டம்" என்று சொல்கிற கம்பெனி முன்னால் அந்த நோட்டை வைத்துப் பாருங்கள்.

நான்காவது, தோட்டத்துச் சாலை யார் பொறுப்பு, பஸ் உள்ளே வர நிர்வாகம் அனுமதிக்குமா, தோட்டம் மன்றத்துக்கு வரி கட்டுகிறதா என்று நிர்வாகத்தை எழுத்து மூலம் கேளுங்கள். எழுத்தில் கேட்டால்தான் எழுத்தில் பதில் வரும்.

ஐந்தாவது, தனியாகப் போகாதீர்கள். நமக்கு வராத பஸ் பக்கத்துக் கம்போங்கில் இருக்கும் மலாய்க்காரருக்கும், புதுக்கிராமத்துச் சீனருக்கும் வருவதில்லை. மூன்று பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட ஒரு மனுவை எந்த ஆபீசும் குப்பைத் தொட்டியில் போடத் தயங்கும். பஸ் டிரைவர்களின் சங்கத்தையும் போய்ப் பாருங்கள். ஓடாத வழியில் அவர்களுக்கும் வேலை இல்லை. 1982-இல் லண்டன் டிரைவர்கள் பயணிகளோடு நின்றார்கள். நம் டிரைவர்கள் நம்மோடு நிற்க மாட்டார்களா என்ன?

கடைசியாக ஒன்று. அடுத்த கிளைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சம்பளம், வீடு, தண்ணீர் என்பதோடு 'பஸ்' என்று ஒரு வரி சேருங்கள். எழுதாத பிடித்தத்தை முதலில் எழுதி வைப்போம். எழுதினால்தான் அதைப் பற்றிப் பேச முடியும். பேசினால்தான் அதைக் குறைக்க முடியும். கணக்கு எடுத்த கிளைகள் நமக்கு எழுதுங்கள். அந்த விவரங்களை இந்தப் பக்கத்தில் வெளியிட்டு, சம்பந்தப்பட்டவர்கள் பார்வைக்கும் கொண்டுபோவோம்.

ஒன்றுபடுவோம், தோழர்களே!